எல்லைக்கோட்டுக்குள் எழுத்து



வானொலியில் படம் காட்ட வழியில்லை. ஆதலால் இன்றைய உரைக்கு உங்கள் கையில் ஒரு தாளும் பென்சிலும் இருப்பது நல்லது. பிள்ளைகள் யாரேனும் அருகில் இருந்தால் அவர்களிடமே கொடுங்கள். முதலில் ஒரு மாம்பழத்தின் வடிவை வரையச் சொல்லுங்கள். காம்பும் இலையும் வேண்டா. வெறும் ஓரக்கோடு போதும். பிறகு 'மாம்பழம்' என்னும் சொல்லை அந்தக் கோட்டுக்குள் எழுதச் சொல்லுங்கள். ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. எழுத்துகள் பழத்தின் நடுவில் ஒடுங்கி நிற்கக் கூடாது. மேலும் கீழும், இடமும் வலமும் கோட்டைத் தொட்டுக்கொண்டு பழம் முழுவதையும் நிறைக்க வேண்டும். கோட்டை அழித்துவிட்டால் எழுத்துகளே பழமாகத் தெரிய வேண்டும்.

எளிதாகத் தோன்றும் இந்த வேலை எவ்வளவு சிக்கலானது என்பது இரண்டாவது எழுத்திலேயே தெரிந்துவிடும். ஓரத்து எழுத்துக்கு உயரம் போதாது. நடு எழுத்துக்கு உயரம் மிகுதி. 'ம்' என்பதன் புள்ளிக்கு இடமே கிடைக்காது. எழுத்தைக் காப்பாற்றினால் பழம் கெடுகிறது. பழத்தைக் காப்பாற்றினால் எழுத்து கெடுகிறது. இரண்டில் எது விட்டுக்கொடுப்பது? அதை முடிவு செய்வது யார்? இந்தக் கேள்விக்குப் பல நாட்டினர் பல காலங்களில் பலவிதமாக விடை கண்டிருக்கிறார்கள். இன்று கணினியில் ஒரு பொத்தானைத் தட்டினால் சொல் எந்த உருவத்துக்குள்ளும் போய் உட்கார்ந்துவிடுகிறது. கோயில் திருவிழா அறிவிப்பிலும் பள்ளி விளையாட்டுப் போட்டிப் பதாகையிலும் அப்படி வளைந்து நெளிந்த எழுத்துகளை நாம் பார்க்கிறோம். அந்தப் பொத்தான் எங்கிருந்து வந்தது, அது எதைச் செய்கிறது, எதைச் செய்யாமல் விட்டுவிடுகிறது என்பதே இன்றைய உரை.

கிரேக்க நாட்டில், ரோட்ஸ் தீவைச் சேர்ந்த சிமியாஸ் என்னும் புலவர் கி.மு. 300ஐ ஒட்டிய காலத்தில் முட்டை, இறக்கை, கோடரி ஆகியவற்றின் வடிவில் பாட்டுக் கட்டினார். சில வரிகளை நீட்டினார், சில வரிகளைக் குறுக்கினார். வரிகளின் ஓரம் சேர்ந்து உருவம் ஆயிற்று. இங்கே வளைந்து கொடுத்தது எழுத்தன்று, பாட்டு. கி.பி. 9ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் எழுதப்பட்ட ஒரு வானநூல் கையெழுத்துப் பிரதி லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதில் ஒவ்வொரு விண்மீன் கூட்டத்துக்கும் ஓர் உருவம். தலை, கை, கால் ஆகியவற்றை வண்ணத்தில் தீட்டிவிட்டு, உடம்பு முழுவதையும் எழுத்தாலேயே நிரப்பியிருக்கிறார்கள். ஆனால் எழுத்தின் அளவும் வடிவும் மாறவில்லை. பாத்தி கட்டி நாற்று நட்டதுபோல வரிகள் உடம்பின் ஓரம்வரை சென்று நின்றுவிடுகின்றன.

நம் தமிழிலும் இதற்கு நெருங்கிய உறவினர் உண்டு. தண்டியலங்காரம் சித்திரக்கவி வகைகளுக்கு இலக்கணம் கூறுகிறது. பின்னிக் கிடக்கும் பாம்புகளின் உடலில் பாட்டைப் பொதிவது நாகபந்தம். பாம்பும் பாம்பும் குறுக்கிடும் இடத்தில் உள்ள எழுத்து இரண்டு அடிகளுக்கும் பொதுவாக வர வேண்டும். இதில் புலவர் படும் பாடு பெரிது. ஆயினும் எழுத்து தன் கட்டத்துக்குள் தன் உருவத்தோடுதான் உட்கார்ந்திருக்கும். அது பாம்பின் வளைவுக்கேற்ப வளைவதில்லை. சித்திரக்கவியை வெறும் சொல்விளையாட்டு என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. நாம் அந்தப் பக்கம் சேரவில்லை. ஒரு சட்டத்துக்குள் நின்று பொருள் கெடாமல் பேசுவது சிறிய திறமையன்று.

எழுத்தையே வளைத்து உருவத்துக்குள் செலுத்தும் கலையில் முன்னே சென்றவர்கள் அரபு எழுத்தை எழுதியவர்கள். அந்த எழுத்தின் இயல்பே அதற்கு இடங்கொடுத்தது. எழுத்தோடு எழுத்து சேரும். சேரும் கோட்டை வேண்டிய மட்டும் நீட்டலாம். ஒரு சொல்லின்மேல் மற்றொரு சொல்லை அடுக்கலாம். துருக்கிய உதுமானிய சுல்தான்களின் 'துக்ரா' என்னும் கையொப்ப முத்திரை இதற்குச் சிறந்த சான்று. மேலே மூன்று நெடுங்கோடுகள், இடப்புறம் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு முட்டை வளையங்கள், அடியில் அடுக்கி வைத்த சொற்கள், வலப்புறம் நீளும் வால்கள். இந்தச் சட்டம் பெரும்பாலும் மாறாது. சுல்தான் மாறுவார், அவர் பெயரும் தந்தையின் பெயரும் மாறும், ஆனால் எந்தப் பெயரானாலும் அந்தச் சட்டத்துக்குள் போய்ச் சேர வேண்டும். 1520 முதல் 1566 வரை ஆண்ட சுலைமானின் துக்ராவில் அவர் பெயரும் தந்தை சலீமின் பெயரும், 'என்றும் வெற்றியுடையவர்' என்னும் சொற்களும் இருக்கின்றன. தெரியாதவருக்கு அவற்றைப் படிப்பது கடினம். அதனால் குறையொன்றும் இல்லை. ஏனெனில் அரசாணையைக் கையில் வாங்குகிறவர் முத்திரையைப் படிக்க வேண்டியதில்லை. இது சுல்தானுடையது என்று அடையாளம் கண்டால் போதும். இங்கே விட்டுக்கொடுத்தது படிப்பு. உருவம் வென்றது. அதை வரைவதற்கென்றே அரண்மனையில் நிஷாஞ்சி என்னும் உயர் அலுவலர் இருந்தார்.

இனி அச்சுக்கு வருவோம். 1450களில் ஜெர்மனியில் கூட்டன்பர்க் ஈயக் கலவையில் வார்த்த எழுத்துகளைக் கோத்து அச்சிடத் தொடங்கினார். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. ஈய எழுத்தின் பெருமைகளைப் பலர் பேசியிருக்கிறார்கள். அதன் பிடிவாதத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஒவ்வோர் எழுத்தும் ஒரு செங்கட்டையின் தலையில் இருக்கிறது. கட்டை சதுரமாகவோ நீள்சதுரமாகவோதான் இருக்கும். செங்கல் அடுக்குவதுபோல அடுக்கி, இறுக்கிப் பூட்டினால்தான் அச்சு ஏறும். கட்டையை வளைக்க முடியாது. ஓரத்தை இழுக்க முடியாது. ஆகவே அச்சுக்கோப்பவருக்கு மிஞ்சிய உரிமை இரண்டுதான்: வரியைக் குறைத்து நீட்டலாம், சிறிய எழுத்தோ பெரிய எழுத்தோ எடுக்கலாம். 1633இல் வெளியான ஜார்ஜ் ஹெர்பர்ட் என்னும் ஆங்கிலப் புலவரின் இறக்கைப் பாட்டு முதல் உரிமையைப் பயன்படுத்தியது. 1865இல் வெளிவந்த லூயிஸ் கேரலின் ஆலிஸ் கதையில் எலியின் வால்போல நெளிந்து இறங்கும் பகுதி இரண்டையும் பயன்படுத்தியது. வால் மெலிய மெலிய எழுத்தும் சிறுத்துக்கொண்டே போகிறது. ஈயத்தை வைத்துக்கொண்டு செய்யக்கூடியது ஏறக்குறைய அவ்வளவுதான்.

அந்தப் பூட்டைத் திறந்தது கல். 1790களின் இறுதியில் ஜெர்மனியில் அலாய்ஸ் செனெபெல்டர் என்பவர் கல்லச்சு முறையைக் கண்டுபிடித்தார். மழமழப்பான சுண்ணாம்புக் கல்லின்மேல் எண்ணெய்ப் பசை கலந்த மையால் எழுதினால், எழுதிய இடம் மட்டும் அச்சு மையைப் பிடித்துக்கொள்ளும். நனைந்த இடம் தள்ளிவிடும். கட்டை இல்லை, பூட்டு இல்லை. கை எப்படி வளைகிறதோ எழுத்தும் அப்படியே வளையும். பின்னாளில் வந்த ஆப்செட் அச்சும் இதே எண்ணெய்-தண்ணீர்ப் பகையை வைத்துத்தான் ஓடுகிறது. பாரிஸ் நகரச் சுவர்களில் 1860களிலிருந்து ஜூல் ஷெரே போன்றோர் ஒட்டிய பெரிய வண்ணச் சுவரொட்டிகள் எல்லாம் கல்லின் கொடை.

ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் இந்தச் சுதந்திரத்தை ஒருவர் எல்லைவரை கொண்டுபோனார். அவர் பெயர் ஆல்பிரெட் ரோலர். 1897இல் பழைய ஓவியர் சங்கத்தை விட்டுப் பிரிந்த இளங்கலைஞர்கள் 'செசெஷன்' என்னும் அமைப்பைத் தொடங்கினார்கள். பிரிந்து போதல் என்பதே அந்தச் சொல்லின் பொருள். அவர்களது 14ஆவது, 16ஆவது கண்காட்சிகளுக்கு 1902, 1903ஆம் ஆண்டுகளையொட்டி ரோலர் சுவரொட்டி வரைந்தார். அவருடைய எழுத்து கோடாக இராது, கட்டியாக இருக்கும். ஒவ்வோர் எழுத்தும் தனக்குரிய கட்டத்தை மூலைமுதல் மூலைவரை அடைத்துக்கொள்ளும். அடுத்த எழுத்துக்கும் அதற்கும் நடுவே மெல்லிய கீற்று மட்டும் ஒளிரும். படிப்பவர் உண்மையில் கருப்பைப் படிப்பதில்லை. அந்தக் கீற்றுகளைப் படிக்கிறார்.

இதைப் புரிந்துகொள்ள நமக்குத் தொலைவில் போக வேண்டியதில்லை. ரப்பர்ப் பொதிகளின்மேல் அடையாளம் போடத் தகரத்தில் எழுத்து வெட்டி, அதை வைத்துச் சாயம் பூசும் முறையை நம் மூத்தவர்கள் அறிவார்கள். தகரத்தில் வெட்டப்படாமல் மிஞ்சியிருக்கும் மெல்லிய பட்டைகளே எழுத்துக்கு உருவம் தருகின்றன. பட்டை ஒன்று அறுந்துபோனால் எழுத்து குழம்பிவிடும். ரோலரின் கலையும் மிஞ்சுகிற இடத்தை ஆளுகிற கலைதான்.

ரோலர் அதன்பின் இசை நாடக மேடை அமைப்பில் இறங்கிப் பெயர் பெற்று, 1935இல் மறைந்தார். அவருடைய எழுத்து அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கண்காட்சிக் கூடங்களிலும் புத்தகங்களிலும் உறங்கிக் கிடந்தது. அதை எழுப்பியவர் அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒரு சிறிய அச்சகத்தில் வேலை பார்த்த வெஸ் வில்சன். அவர் 1937இல் பிறந்தவர். 1965இன் இறுதியில் பக்கத்து ஊரான பெர்க்கிலியில் பல்கலைக்கழகக் கூடத்தில் பழைய ஜெர்மானியச் சுவரொட்டிகளின் கண்காட்சி ஒன்று நடந்தது. அதன் விளக்கப் புத்தகத்தில் வில்சன் ரோலரின் எழுத்தைக் கண்டார். 1966இல், பில்மோர் என்னும் அரங்கில் இசை நிகழ்ச்சி நடத்திவந்த பில் கிராகம் என்பவருக்காக அவர் வாரந்தோறும் சுவரொட்டி வரையத் தொடங்கினார்.

அந்த ஆண்டு ஜூலை மாதம் வில்சன் வரைந்த ஒன்று மிகுந்த புகழ் பெற்றது. பச்சைப் பின்புலத்தில் சிவப்புத் தீக்கொழுந்து. கொழுந்து முழுவதும் எழுத்து. இசைக்குழுக்களின் பெயர், நாள், இடம் எல்லாம் சுவாலையாக மேலெழுந்து நெளிகின்றன. அதை எப்படி அமைத்தார் என்று கவனித்தால் முறை விளங்கும். முதலில் வெளி உருவம். பிறகு அதை நெளிந்த பட்டைகளாகப் பிரிக்க வேண்டும். ஒரு பட்டைக்கு ஒரு வரி. பட்டையை எழுத்துகளின் எண்ணிக்கைக்கேற்ப அறைகளாகப் பிரிக்க வேண்டும். பிறகு ஒவ்வோர் அறைக்குள்ளும் ஓர் எழுத்தை அறை நிறைய ஊதிவிட வேண்டும். ஆங்கிலத்தில் ஒல்லியான 'ஐ' எழுத்தும் பருத்த 'எம்' எழுத்தும் அருகருகே வந்தால் என்ன செய்வது? எந்த எழுத்துக்கு எவ்வளவு இடம் தருவது, எதன் காலை நீட்டுவது, எதன் வயிற்றைச் சுருக்குவது என்பதைக் கை ஒவ்வொரு தடவையும் புதிதாக முடிவு செய்தது. இந்த இடத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னர் தேவைப்படும்.

இந்த எழுத்து படிக்க முடியவில்லை என்று குறை கூறியவர்கள் பலர். குறையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் தெருவில் போகிறவர்கள் நின்றார்கள், தலையைச் சாய்த்தார்கள், புதிர் அவிழ்ப்பதுபோலப் படித்தார்கள். இசை கேட்க வரும் இளைஞர் கூட்டத்துக்கு அந்தத் தாமதமே அழைப்பாக இருந்தது. அதே நகரில் சுவரொட்டி வரைந்த விக்டர் மொஸ்கோசோ ஓவியக் கல்வியை முறையாகப் பயின்றவர். எளிதில் படிக்கும்படி எழுது என்று கல்லூரியில் கற்ற பாடத்தை அவர் தலைகீழாகத் திருப்பிப்போட்டு, கண் கூசும் எதிர் நிறங்களை அருகருகே வைத்தார். வில்சனோ 1967இல் பணப்பங்கு பற்றிய பிணக்கால் பில்மோர் வேலையை விட்டு விலகினார். சுவரொட்டிகள் ஆயிரக்கணக்கில் விலைபோயின. வரைந்த கைக்கு உரிய பங்கு வரவில்லை என்பது அவர் மனக்குறை. உழைப்பவனுக்கும் விற்பவனுக்கும் இடையே வரும் இந்தப் பிணக்கு நம் மக்களுக்குப் புதிதன்று. வில்சன் 2020இல் காலமானார்.

இதே காலத்தில் முற்றிலும் வேறோர் இடத்தில், ஓவியத்தோடு தொடர்பே இல்லாத ஒரு தொழிலில், கணினிப் பொத்தானுக்கான விதை ஊன்றப்பட்டுக்கொண்டிருந்தது. அந்த இடம் பிரான்ஸ் நாட்டின் மோட்டார் வாகனத் தொழிற்சாலை.

காரின் உடற்கூட்டில் நேர்கோடு குறைவு, எல்லாம் வளைவு. அந்தக் காலத்தில் வளைவை வரைபடக்காரர் கண்ணளவில் வரைவார். தச்சர் அதைப் பார்த்து மாதிரி செய்வார். அச்சுவார்ப்பவர் மாதிரியைப் பார்த்துத் தாம் செய்வார். ஒவ்வொரு கையிலும் வளைவு சிறிது மாறும். எண்களைக் கொண்டு இயங்கும் வெட்டு இயந்திரங்கள் வந்தபோது, வளைவை எண்ணாகச் சொல்லும் மொழி ஒன்று தேவைப்பட்டது. சித்ரோன் நிறுவனத்தில் 1958இல் சேர்ந்த போல் தெ காஸ்தல்ஜோ என்னும் இளங்கணித அறிஞர் அதற்கு வழி கண்டார். அவருடைய முறை இரு சிறு பிள்ளைகள் பென்சிலால் செய்து பார்க்கக்கூடிய அளவுக்கு எளிது.

தாளில் சற்றே இடைவெளி விட்டு நான்கு புள்ளிகள் வையுங்கள். முதலாவதும் நான்காவதும் வளைவின் இரு முனைகள். நடுவில் உள்ள இரண்டும் வளைவை இழுக்கும் கைகள். வளைவு அவற்றின் பக்கம் சாயுமே தவிர அவற்றைத் தொடாது. புள்ளிகளை வரிசையாக இணைத்தால் மூன்று கோடுகள் கிடைக்கும். ஒவ்வொரு கோட்டின் நடுவையும் குறித்து அவற்றை இணையுங்கள். இப்போது இரண்டு கோடுகள். அவற்றின் நடுக்களைக் குறித்து இணையுங்கள், ஒரே கோடு. அதன் நடுப்புள்ளி வளைவின்மேல் இருக்கிறது. பாதிக்குப் பதிலாகக் கால் பங்கிலோ முக்கால் பங்கிலோ குறித்துக்கொண்டே போனால் வளைவின் மற்றப் புள்ளிகளும் ஒவ்வொன்றாகக் கிடைக்கும். எத்தகைய நெளிவையும் இப்படி நான்கு நான்கு புள்ளிகளாகச் சொல்லிவிடலாம்.

தெ காஸ்தல்ஜோ இதை 1959இல் எழுதி வைத்தார். நிறுவனம் அதைத் தொழில் இரகசியமாகப் பூட்டி வைத்தது. போட்டி நிறுவனமான ரெனோவில் பொறியாளராக இருந்த பியேர் பெசியே 1960களில் தாமாகவே அதே வளைவுகளை வேறு வழியில் கண்டு, கட்டுரைகளாக வெளியிட்டார். ஆகவே உலகம் அவற்றுக்குப் பெசியே வளைகோடு என்று பெயரிட்டது. முன்னவரின் வேலை 1970களில்தான் வெளியே தெரியவந்தது. புள்ளிகளைப் பாதிபாதியாகக் குறித்துச் செல்லும் முறைக்கு அவர் பெயர் இடப்பட்டது. பெசியே 1999இலும் தெ காஸ்தல்ஜோ 2022இலும் மறைந்தார்கள். பூட்டி வைத்த அறிவு பூட்டியவருக்கும் பெருமை தரவில்லை, கண்டவருக்கும் உரிய காலத்தில் தரவில்லை என்பது நம் கருத்து.

காரின் வளைவு எழுத்தின் வளைவாக மாறியது அமெரிக்காவில். 1982இல் ஜான் வார்னாக், சார்லஸ் கெஷ்கி இருவரும் அடோபி என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, 1984இல் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் அச்சுமொழியை வெளியிட்டார்கள். அதில் ஓர் எழுத்து புள்ளிகளால் நிரம்பிய படமன்று. பெசியே வளைகோடுகளால் ஆன ஓர் ஓரக்கோடு. பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் ஓரம் சிதையாது. இப்படிக் கோட்டையும் வளைவையும் எண்ணாக வைத்துக்கொள்ளும் படத்தைத்தான் வெக்டர் படம் என்கிறார்கள். 1987இல் அதே நிறுவனத்தின் இல்லஸ்ட்ரேட்டர் வந்தது. 1989இல் கனடா நாட்டிலிருந்து கோரல்டிரா வந்தது. அதன் இரண்டாம் பதிப்பில், 1991இல், 'உறை' என்னும் கருவி இடம்பெற்றது. நாம் தேடிவந்த பொத்தான் அதுதான். இல்லஸ்ட்ரேட்டருக்கு அத்தகைய கருவி 2001இல் வந்தது. 2003இல் இங்க்ஸ்கேப் என்னும் மென்பொருள் தோன்றியது. அதைக் காசு கொடுக்காமலே யாரும் இறக்கிக்கொள்ளலாம். தோட்டத்துப் பிள்ளையும் பள்ளிக் கணினியில் இந்தக் கலையைப் பழகலாம் என்பது இதனால் ஏற்பட்ட நன்மை.

உறை எப்படி வேலை செய்கிறது? ஒரு ரப்பர்த் தாளின்மேல் மையால் ஒரு சொல்லை எழுதியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தாளின் நான்கு ஓரங்களையும் பிடித்து இழுத்து மாம்பழக் கோட்டின்மேல் பொருத்தினால், மேலே எழுதிய சொல்லும் தாளோடு இழுபடும். கணினி இதையே கணக்காகச் செய்கிறது. சொல்லைச் சுற்றி ஒரு நீள்சதுரம். எழுத்தின் ஓரத்தில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு முகவரி: இடமிருந்து பாதி தூரம், கீழிருந்து கால் உயரம் என்பதுபோல. புதிய உருவத்தில் பாதி தூரமும் கால் உயரமும் எங்கே வருகின்றனவோ அங்கே அந்தப் புள்ளியைக் கொண்டுபோய் வைக்கிறது. எல்லாப் புள்ளிகளும் இடம் மாறியதும் சொல் மாம்பழமாகிவிடுகிறது. கண்ணிமைக்கும் நேரம்தான்.

ஆனால் இப்போது வில்சனின் கையை நினைத்துப் பாருங்கள். கை எழுத்தெழுத்தாக நினைத்தது. ரப்பர்த் தாளுக்கு எழுத்து என்று ஒன்று இருப்பதே தெரியாது. பழத்தின் நடுவில் தாள் அதிகம் விரிகிறது. அங்கே எழுத்தின் படுக்கைக் கோடுகள் பருத்துவிடும். ஓரத்தில் தாள் ஒடுங்குகிறது. அங்கே அதே கோடுகள் மெலிந்து நூலாகும். ஒரே சொல்லில் ஓர் எழுத்து கொழுத்தும் ஓர் எழுத்து நோஞ்சானாகவும் நிற்கும். கைத்தேர்ச்சி உள்ளவர் எழுத்தின் எலும்பை நீட்டுவாரே ஒழியச் சதையின் பருமனை மாற்றமாட்டார். பொத்தானால் வந்த எழுத்துக்கும் கையால் வந்த எழுத்துக்கும் தொலைவிலிருந்தே வேறுபாடு தெரிவதற்கு இதுவே காரணம். ஆகவேதான் நன்கு பழகியவர்கள் கணினியிலும் பழைய வழியையே பின்பற்றுகிறார்கள். முழுச் சொல்லையும் ஒரே உறையில் திணிக்காமல், உருவத்தை அறைகளாகப் பிரித்து, ஓர் அறைக்கு ஓர் எழுத்தாக வைத்து, கோடுகளின் பருமனைப் பிறகு ஒவ்வொன்றாகச் சரிசெய்கிறார்கள்.

தமிழ் எழுத்துக்கு இந்தக் கவனம் ஆங்கிலத்தைவிடப் பல மடங்கு தேவை. ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகள் எல்லாம் ஒரே உயரம், கட்டிகளாக அடுக்கலாம். நம் எழுத்தில் 'கி', 'கீ' மேலே வளையும். 'கு', 'ரு' கீழே இறங்கும். 'கொ' மூன்று துண்டாக நிற்கும். அதைவிட முக்கியம், நம் எழுத்துகள் சிலவற்றுக்கு இடையே இருக்கும் வேறுபாடு மிகச் சிறிது. 'ர' என்பதற்கும் துணைக்காலுக்கும் கீழே இருக்கும் ஒரு சிறு சாய்கோடுதான் வேறுபாடு. உருவத்தின் அடிப்பகுதி குறுகும் இடத்தில் அந்தச் சாய்கோடு நசுங்கினால் 'மரம்' என்பது 'மாம்' ஆகிவிடும். 'ன', 'ண' இரண்டுக்கும் ஒரு சுழிதான் வேறுபாடு. நெருக்கத்தில் சுழி அடைபட்டால் மணமும் மனமும் ஒன்றாகிவிடும். புள்ளி போனால் 'கல்' 'கல' ஆகும், 'பால்' 'பால' ஆகும்.

வேறொரு தொல்லையும் உண்டு. கணினியில் தமிழைக் கொண்டுவந்ததில் நம் வட்டாரத்தாருக்குப் பெரும் பங்கு உண்டு. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இல் 'முரசு' மென்பொருளை உருவாக்கினார், சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று உழைக்க 1997இல் தமிழ் இணைய மாநாடு நடந்தது. 1991இல் வெளிவந்த யூனிகோட் குறியீட்டிலும் தமிழ் இடம்பெற்றது. யூனிகோடில் 'கொ' என்பதைக் கணினி முதலில் 'க' என்றும் பின் ஒகரக் குறி என்றும் வைத்துக்கொண்டு, திரையில் காட்டும்போதுதான் கொம்பை முன்னே கொண்டுவருகிறது. படம் வரையும் மென்பொருள்களில் பல, நெடுநாள்வரை இந்தச் சேர்க்கையைச் சரியாகச் செய்யவில்லை. தமிழ் அறியாத ஒருவர் அதில் எழுத்தை ஒட்டி, அப்படியே வளைகோடுகளாக மாற்றிவிட்டால், கொம்பு இடம்மாறிய நிலையிலேயே உறைந்துவிடும். வளைகோடாக மாறிய பிறகு அது எழுத்தன்று, படம். பிழை திருத்தும் வசதி அதன்பின் இல்லை. பொது இடங்களில் சிதைந்த தமிழ்ப் பலகைகளைக் கண்டு நாம் வருந்துவதற்கு இது ஒரு காரணம். எனவே உருவத்துக்குள் செலுத்துவதற்கு முன்பே சொல்லை ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படித்துவிட வேண்டும். அதைத் தமிழ் தெரிந்தவர்தான் செய்ய முடியும்.

புள்ளியைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. பழங்காலக் கல்வெட்டுகள் பலவற்றில் புள்ளி இடப்படவில்லை. படித்தவர்கள் இடம் நோக்கிப் பொருள் உணர்ந்துகொண்டார்கள். அவர்களுக்கு நின்று படிக்க நேரமும் இருந்தது. பேருந்தில் போகிறவர் பதாகையைப் பார்ப்பது இரண்டு மூன்று விநாடிதான். அதற்குள் 'கல்' என்பதைக் 'கல' என்று படித்துவிட்டால் திரும்பிப் பார்க்க முடியாது. ரப்பர்த் தாள் முறையில் புள்ளியும் சேர்ந்தே இழுபட்டு, ஓரிடத்தில் கீற்றாகவும் ஓரிடத்தில் மூட்டைப்பூச்சிபோலவும் கிடக்கும். இதற்குக் கைகண்ட வழி ஒன்று உண்டு. புள்ளிகளை உறைக்குள் இடாமல் வெளியே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். மற்ற எழுத்துகள் எல்லாம் உருவத்துக்குள் அமர்ந்த பிறகு, ஒரே அளவுள்ள வட்டங்களாக அவற்றை வரைந்து, அந்தந்த மெய்யெழுத்தின் தலைக்குமேல் ஒவ்வொன்றாகக் கையால் கொண்டுபோய் வைக்க வேண்டும். அதற்கு இடம் போதாவிட்டால் கீழே உள்ள எழுத்தின் தலையைச் சற்றே தாழ்த்தலாம்.